தானாக முளைத்த தக்காளி, சுரை, பப்பாளி, சோளம்: எதைப் பறிக்கலாம், எதைப் பிடுங்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

மழை விட்டு மூன்று வாரம் கழித்து ஏதாவது ஒரு காய்கறிச் சந்தையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். நாற்றங்கால் போட்டது போலத் தக்காளி முளைத்துக் கிடக்கும். வாய்க்கால் கரையில் பரங்கிக்கொடி ஏறியிருக்கும். கோடையில் தர்பூசணி விற்ற இடத்தில் ஆடி மழைக்குத் தர்பூசணிக்கொடி ஓடும். வௌவால் அடையும் மரத்தடியில் பப்பாளிக் கன்றுகள் நிற்கும். எடைமேடைக்குப் பக்கத்தில், லாரியிலிருந்து சிந்திய சோளம் கதிர் தள்ளியிருக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை பார்த்தீனியம் போல ஊரைப் பிடித்துக்கொள்பவை அல்ல. தக்காளியும் பூசணியும் மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த பயிர்கள். தண்ணீரும் உரமும் இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். பங்குனி வெயில் வந்ததும் காய்ந்துவிடும். அடுத்த வருடம் அதே இடத்தில் பார்த்தால், பெரும்பாலும் யாரோ மறுபடியும் விதையைக் கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஆமணக்கு மட்டும் விதிவிலக்கு. அது ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் நிலையாகவே குடியேறிவிட்டது. சின்னக் கோலி அளவு காய்க்கும் குட்டித் தக்காளியும் ஈரமான இடங்களில் சில வருடம் தன்னைத் தானே விதைத்துக்கொண்டு தொடரும்.

இப்படி முளைத்ததைக் கண்டதும் "மருந்தே அடிக்காதது, இயற்கையானது" என்று பறித்துச் சமைப்பவர்கள் உண்டு. களை என்று கண்ணை மூடிக்கொண்டு பிடுங்குபவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். செடி நல்ல செடியா என்பதைவிட, அது நிற்கும் மண் எது, அந்த விதையின் தகப்பன் யார் என்ற இரண்டும்தான் இங்கே முக்கியம். கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். மண்ணைப் பார்க்காமல் காயைச் சோதிப்பதில் பயனில்லை.

1. முதலில் இடம்

தக்காளி விதை மனித வயிற்றில் செரிக்காது. சாக்கடைக் கால்வாய் ஓரத்திலும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்துக் கொட்டிய சேற்றிலும் தக்காளி அடர்ந்து முளைப்பது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் செழிப்பாக நிற்கும் செடியைப் பார்த்தால், அந்தச் செழிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கிருமிகளும் உருண்டைப்புழு முட்டைகளும் வேகவைத்தால் சாகும். பச்சையாகச் சாலட்டில் போட்டால் சாகாது.

கன உலோகம் வேறு விவகாரம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவின் குரோமியம், திருப்பூருக்குக் கீழே நொய்யலில் சாயக்கழிவு என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. பொதுவாகக் கீரையும் கிழங்கும் உலோகத்தை அதிகம் சேர்த்துக்கொள்ளும், காயும் பழமும் குறைவாகச் சேர்க்கும். அதற்காகப் பழத்தைச் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. அந்த இடத்தில் முளைத்த முருங்கையைத் தொடக்கூடாது, குப்பைக்கீரையைப் பறிக்கக்கூடாது, தக்காளியையும் உலைக்குக் கொண்டுபோகக்கூடாது.

கீழ்க்கண்ட இடங்களில் நிற்பதைச் சாப்பாட்டுக்குப் பறிக்காதீர்கள்:

- சாக்கடை, சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்கால் கரை.
- பிளாஸ்டிக், பேட்டரி, குழல்விளக்கு, வயர் எரித்த சாம்பல் கலந்த குப்பைமேடு.
- தண்டவாள ஓரம். அங்கே களைக்கொல்லி தெளிப்பார்கள். ரயில்வே நிலத்துக்குள் அனுமதியில்லாமல் போவதே குற்றம்.
- போக்குவரத்து அதிகமுள்ள சாலையின் தார் விளிம்பிலிருந்து பத்து மீட்டருக்குள். ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ஆம் ஆண்டோடு நின்றது. ஆனால் மண்ணில் இறங்கிய ஈயம் அங்கேயேதான் இருக்கும். டயர்த்தூசி, பிரேக் தூசி இன்றைக்கும் விழுகிறது.

வீட்டுக் குப்பைக்குழி, எருக்குழி, கிணற்றடி, ஆட்டுக்கிடை போட்ட வயல், ஏரி வண்டல் அடித்த காடு ஆகிய இடங்களில் முளைத்தவை பொதுவாகச் சரி. வண்டல் எங்கிருந்து வெட்டியது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்துக்குக் கீழே உள்ள ஏரி என்றால் அதுவும் சாக்கடை வண்டல்தான்.

களைக்கொல்லி பட்ட செடியை நச்சுயிரி தாக்கிய செடியோடு குழப்பிக்கொள்வது வழக்கம். 2,4-டி காற்றில் வந்து பட்டால் தக்காளி இலை குறுகிப் பெரணி இலை மாதிரி ஆகும், நரம்புகள் நெருங்கி நேர்கோடாக ஓடும், தண்டு முறுக்கிக்கொள்ளும். சுற்றியிருக்கும் அகன்ற இலைக் களைகளும் அதே நேரத்தில் முறுக்கியிருக்கும், புல் மட்டும் நன்றாக இருக்கும். அப்படி இருந்தால் காரணம் மருந்துதான். அந்தச் செடியைப் பெயர்த்து எடுப்பதில் பயனில்லை.

இடம் சரியில்லை, ஆனால் காய் அருமையாக இருக்கிறது என்றால் விதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விதைக்குள் ஏறும் உலோகம் சொற்பம். சுத்தமான மண்ணில் வளரும் அடுத்த தலைமுறைக்கு அது பொருட்டல்ல.

2. எது எது என்று கண்டுபிடிப்பது

*தக்காளி நாற்றா, ஊமத்தை நாற்றா?* இரண்டும் குப்பைமேட்டில் ஒன்றாகவே முளைக்கும். வித்திலை (விதை முளைத்ததும் முதலில் விரியும் இலை) இரண்டுக்குமே நீளமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் உண்மை இலைக்காகக் காத்திருங்கள். தக்காளியின் முதல் இலையிலேயே வெட்டு விழுந்து, மூன்று துண்டாகப் பிரியத் தொடங்கியிருக்கும். தண்டில் மெல்லிய ரோமம் இருக்கும். விரலால் தேய்த்தால் சந்தேகமே இல்லாத தக்காளி வாசனை வரும், விரலில் மஞ்சள் கலந்த பச்சைக் கறை ஒட்டும். ஊமத்தையின் முதல் இலை வெட்டில்லாத முழு இலை, தேய்த்தால் குமட்டும். மணத்தக்காளி நாற்றின் இலையும் முழு இலைதான், ஆனால் சிறியது, வாசனை கிட்டத்தட்ட இல்லை. சொடக்குத்தக்காளியில் பூ வந்த பிறகு காயைச் சுற்றிக் காகிதப் பை போல உறை வளரும்.

*பப்பாளியா, ஆமணக்கா?* சின்ன வயதில் இரண்டும் கைவிரல் விரித்த இலை. பப்பாளி இலைக்காம்பை ஒடித்தால் உள்ளே குழல், வெள்ளைப் பால் வடியும். ஆமணக்கில் பால் கிடையாது. காம்பு இலையின் விளிம்பில் சேராமல் இலைப்பரப்பின் அடியில் சேர்ந்திருக்கும், விளிம்பில் ரம்பப் பல் இருக்கும். ஆமணக்குக் கொட்டையைக் குழந்தைகள் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மேல் ஓடு கெட்டியானதால் முழுதாக விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியேறிவிடும். மென்று விழுங்கினால் ஒன்றிரண்டு கொட்டைகூட உயிருக்கு ஆபத்து.

*கொடிகள்.* பூவைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

சுரைக்கு வெள்ளைப் பூ, சாயங்காலம் விரியும். இலை வெல்வெட் மாதிரி மெத்தென்று இருக்கும். இலையும் காம்பும் சேரும் இடத்தில் இரண்டு சின்ன முடிச்சுகள் தெரியும். பீர்க்குக்கு மஞ்சள் பூ, அதுவும் பொழுது சாயத்தான் மலரும். புடலையில் வெள்ளைப் பூவின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பரங்கியில் பெரிய ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ விடியற்காலையில் விரிந்து பத்து மணிக்குள் வாடிவிடும். பல ரகங்களில் இலை நரம்புச் சந்திப்பில் வெள்ளைத் திட்டு இருக்கும், காய்க்காம்பு ஐந்து பட்டையாகக் காயோடு சேரும் இடத்தில் விரியும். சாம்பல் பூசணியின் இளங்காயைத் தொட்டால் ரோமம் கையில் குத்தும், முற்றியதும் வெள்ளைப் பொடி பூக்கும்.

தர்பூசணிக்கு ஒரு மாற்றாள் உண்டு: ஆற்றுத்தும்மட்டி. இரண்டின் இலையும் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், இரண்டின் பிஞ்சும் பச்சையில் வரியோடியது. தும்மட்டி இலை சொரசொரப்பானது, கொடி ஒல்லி. காய் எலுமிச்சையிலிருந்து ஆரஞ்சுப் பழம் அளவுக்கு மேல் போகாது, முற்றினால் மஞ்சளாகும், உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைச் சதை. கிழங்குபோல் தடித்த வேர் இருப்பதால் கோடையிலும் துளிர்க்கும். தானாக முளைத்த தர்பூசணி ஒருபோதும் அப்படித் துளிர்க்காது. தும்மட்டி கடுமையாக வயிற்றைப் போக்கும். மணற்பாங்கான ஆற்றங்கரையில் "குட்டித் தர்பூசணி" கண்டால் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

3. கொடிக்காய்களுக்குக் கசப்புச் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, தர்பூசணி எல்லாவற்றுக்கும் காட்டு உறவுகள் நம் வேலிகளிலேயே இருக்கின்றன. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று நம் ஆட்கள் பெயர் வைத்ததே எச்சரிக்கைக்காகத்தான். அவற்றின் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்ற வேதிப்பொருள். தேனீயோ அந்துப்பூச்சியோ பேய்ச்சுரையின் மகரந்தத்தைக் கொண்டுவந்து வீட்டுச் சுரையின் பெண்பூவில் வைத்தால், அந்தக் காய் கசக்காது. காயின் சதை தாய்ச்செடியுடையது. ஆனால் அதற்குள் இருக்கும் விதைகளில் தகப்பன் வந்துவிட்டான். அந்தக் காயைச் சமைத்து விதையைக் குப்பையில் போடுகிறீர்கள். குப்பையில் முளைத்த கொடியில் காய்ப்பதுதான் கசக்கும். போன வருடம் நல்ல காய் தந்த இடம், அதே ரகம் என்ற நம்பிக்கையெல்லாம் இங்கே செல்லாது. தானாக முளைத்த கொடியில் ஆபத்து கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பாகற்கொடி பக்கத்தில் படர்ந்ததால் சுரை கசந்தது என்பார்கள். அது நடக்காது. பாகலும் சுரையும் கலக்கவே கலக்காது. பரங்கியும் சுரையும்கூடக் கலக்காது. சுரையோடு சேர்வது இன்னொரு சுரை மட்டுமே. கடும் வறட்சியிலும் வெயிலிலும் நல்ல கொடியின் காய்கூடக் கசக்கலாம் என்பது மட்டும் உண்மை.

சோதிக்கும் முறை:

ஒவ்வொரு காயையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். காம்புப் பக்கத்தில் கசப்பு கூடுதலாக இருக்கும் என்பதால் அங்கிருந்து அரிசி அளவு சதையைக் கிள்ளி எடுங்கள். நாக்கு நுனியில் வையுங்கள், விழுங்காதீர்கள். பத்து விநாடி கழித்துத் துப்பி வாயைக் கொப்பளியுங்கள். கசப்பு இல்லையென்றால் நடுப்பகுதியில் இன்னொரு துண்டு, அதே மாதிரி. இரண்டிலும் இல்லையென்றால் சமைக்கலாம். லேசாகக் கசந்தாலும் காயை எறிந்துவிட்டு, கொடியையும் வேரோடு பிடுங்குங்கள். அந்தக் கொடியின் மற்றக் காய்களில் இல்லாமல் போகாது. விதையைத் திரும்பக் குப்பையில் போடாதீர்கள், போட்டால் அடுத்த வருடமும் இதே பிரச்சினைதான்.

உப்பில் ஊறவைத்தாலோ வேகவைத்தாலோ கசப்பு நச்சு போகாது. ஜூஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழம்பில் ஒரு துண்டு கசந்தால் தட்டில் ஒதுக்கிவிடுவோம். ஜூஸ் குடிப்பவர், "மருந்து கசக்கத்தான் செய்யும்" என்று ஒரு டம்ளரையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுகிறார். கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து இந்தியாவில் இறப்புகள் நடந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசக்கும் ஜூஸைக் குடிக்கக்கூடாது, மற்றக் காய்ச் சாறுகளோடு கலந்து கசப்பை மறைக்கவும் கூடாது என்பது அந்தக் குழு சொன்னது. தானாக முளைத்த கொடியின் சுரையில் ஜூஸே போடாதீர்கள், கசக்காவிட்டாலும் கூட. இது எங்கள் கண்டிப்பு.

கசந்த காயைச் சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, வாந்தியில் இரத்தம், தலைசுற்றி விழுவது இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இரத்த அழுத்தம் சட்டென்று விழும். இதற்கென்று முறிமருந்து கிடையாது. டிரிப் ஏற்றி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை, அது வீட்டில் நடக்காது.

பாகல், மிதிபாகல் இரண்டின் கசப்பும் வேறு பொருளால் வருவது. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

4. தக்காளியைப் பெயர்த்து நடுவது

சந்தைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் முளைத்தவை இரண்டாம் தலைமுறை. ஒரே பழத்தின் பத்து விதையில் பத்து விதமான செடி வரும்: ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று புளிப்பு, ஒன்று காய்க்கவே சோம்பும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் ஒட்டு ரகம். ஆனால் அதன் பிள்ளைகள் எல்லாமே மூன்றையும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ஒட்டு ரகம் அல்ல, தேனி அன்னஞ்சி நாட்டுத் தக்காளியிலிருந்து சடுதிமாற்றத்தால் எடுத்தது. அதன் விதையில் முளைத்தது தாயைப் போலவே இருக்கும். முளைத்ததன் தாய் எது என்று தெரியாதபோது, ஒரு செடியை மட்டும் பெயர்க்காமல் ஐந்தாறு பெயர்த்து நட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தேர்ந்தெடுப்பது: 12 முதல் 20 செ.மீ. உயரம், ஐந்தாறு இலை, இன்னும் பூக்காதது. பூத்த செடியைப் பெயர்த்தால் பூ கொட்டி, பதினைந்து நாள் அப்படியே நிற்கும். இலை மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, நுனி குட்டையாக நின்றிருந்தால் இலைச்சுருட்டு நச்சுயிரி. வெள்ளை ஈ பரப்புவது. அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். இலையில் ஒழுங்கில்லாத பெரிய திட்டாக உள்சதை மட்டும் தின்னப்பட்டு, வெளிச்சத்தில் பிடித்தால் கருப்புக் கழிவுப் புள்ளிகள் தெரிந்தால் தென்னமெரிக்க ஊசிப்புழு. 2014-இல் புனே பக்கம் முதலில் தெரிந்து, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதையும் விட்டுவிடுங்கள்.

பெயர்க்கும் வேலை சாயங்காலம் நான்கு மணிக்கு மேல். ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிடுங்கள். தண்டிலிருந்து 8 செ.மீ. தள்ளி வட்டமாகக் கொத்துக்கரண்டியை இறக்கி, 10 செ.மீ. ஆழத்து மண்ணோடு தூக்குங்கள். ஒரு செடியை மட்டும் பலிகொடுத்து, அதன் வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளை வேரில் அங்கங்கே கடுகு, மிளகு அளவு வீக்கங்கள், நகத்தால் சுரண்டினாலும் உதிராமல் வேரோடு வேராக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்த இடத்து மண்ணில் ஒரு கைப்பிடிகூட உங்கள் பாத்திக்கு வரக்கூடாது. மற்றச் செடிகளையும் அங்கேயே விட்டுவிட்டு, விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேர் சுத்தமாக இருந்தால்:

1. 30 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய எரு ஒரு கிலோ, வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி மேல்மண்ணோடு கலந்து நிரப்புங்கள்.
2. கீழிரண்டு இலையைக் கிள்ளிவிட்டு, கிள்ளிய கணுவரை தண்டை மண்ணுக்குள் புதையுங்கள். புதைந்த தண்டிலிருந்து புதுவேர் விடும். கத்தரிக்கு இப்படி ஆழப் புதைக்கும் பழக்கம் வேண்டாம், தக்காளிக்கு மட்டும்.
3. செடிக்குச் செடி 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ.
4. நட்டதும் ஒரு லிட்டர் தண்ணீர். மூன்று நாள் தென்னங்கீற்று நிழல். முதல் நாள் தொங்கத்தான் செய்யும், அதைப் பார்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும்.
5. பத்தாம் நாள் ஒன்றேகால் மீட்டர் குச்சி நட்டு, தளர்வாகக் கட்டுங்கள்.

மாசி, பங்குனியில் பெயர்க்காதீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாக இருந்தால் மகரந்தம் வேலை செய்யாது, பூ பூவாகவே உதிரும். செடி தழதழவென்று இருந்தும் காயே இல்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தழைச்சத்து மிகுந்த எருக்குழிக்குள்ளேயே விட்டுவிட்ட செடியும் அப்படித்தான், இலையாகவே வளரும்.

5. பப்பாளி: காத்திருக்க வேண்டிய செடி

பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று உண்டு. நாற்றில் கண்டுபிடிக்க முடியாது. விதை கருப்பா வெளுப்பா, வேர் நேரா வளைவா என்று சொல்லப்படும் எந்த அடையாளத்தையும் நம்ப வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதத்தில் பூவைப் பார்த்தால்தான் தெரியும். நீளமான காம்பில் கொத்துக்கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டித் தனியாக, அடி பருத்த பூ என்றால் பெண். ஒட்டியே இருந்து கொஞ்சம் நீண்ட பூவாக, உள்ளே சூலகமும் மகரந்தமும் சேர்ந்திருந்தால் இருபால். கடையில் வாங்கிய நீளக்காய் பெரும்பாலும் இருபால் மரத்துடையது. அந்த விதையில் பெரும்பாலும் இருபாலும் பெண்ணும்தான் வரும், ஆண் வருவது அபூர்வம். உருண்டைக் காயின் விதையில் எதுவும் வரலாம்.

அதனால் ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, பூத்த பிறகு ஒன்றை விட்டு மற்றதை வெட்டுங்கள். 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குள் பெயர்க்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஆணிவேர் அறுந்துவிடும். 45 செ.மீ. கன அளவுக் குழி, குழிக்குக் குழி 1.8 மீட்டர். ஆண் மரங்களை முழுவதும் அழித்துவிடாதீர்கள். பெண் மரங்கள் இருந்தால் பதினைந்து இருபதுக்கு ஒரு ஆண் வேண்டும். தண்டடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றாலே பப்பாளி அழுகத் தொடங்கும். சாக்கடை ஓரத்துப் பப்பாளி நன்றாகத்தானே நிற்கிறது என்பார்கள். பாருங்கள், அது நிற்பது கரையின் மேட்டில்தான்.

இலையில் மொசைக் திட்டும், காயில் வட்ட வட்ட வளையமும் தெரிந்தால் வளையப்புள்ளி நச்சுயிரி. குணமாகாது. அசுவினி வழியாகப் பக்கத்து மரங்களுக்கும் போகும். வெட்டிப் புதையுங்கள். மாவுப்பூச்சியைக் கண்டால் அவ்வளவு பதற வேண்டாம். 2008-இல் கோயம்புத்தூரில் தலைகாட்டி மாநிலத்தையே கலக்கிய பப்பாளி மாவுப்பூச்சி, 2010-இல் விடப்பட்ட அசிரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியால் அடங்கியது. பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டால் போதும்.

6. மாடு மேய்ப்பவர்களுக்கு: சிந்தி முளைத்த சோளம்

அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்புச் சோளமும், சிந்திய மணியில் முளைத்த குருத்துச் சோளமும் மாட்டைக் கொல்லும். இளஞ்சோளத்தில் உள்ள தூரின் என்ற பொருள் மாட்டின் வயிற்றில் சயனைடாக மாறும். செடி எவ்வளவு இளசோ அவ்வளவு நஞ்சு. மழையில்லாமல் வாடி, பிறகு ஒரு தூறலில் துளிர்த்தது எல்லாவற்றையும்விட மோசம். சாலையோரத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் பச்சையாக நிற்பதால், பட்டினியாக வரும் மாடு நேராக அதில்தான் வாய் வைக்கும்.

பாதிக்கு மேல் பூத்த பிறகே மேய்க்கலாம். முழங்கால் உயரத்துக்குக் கீழ் இருந்தால் கிட்டவே விடாதீர்கள். மேயவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் வைக்கோல் போட்டு வயிற்றை நிரப்புங்கள். அறுத்து நன்றாகக் காயவைத்தால் நஞ்சு பெருமளவு குறையும். அரைகுறையாக வாடியது அப்படியல்ல.

மேய்ந்து கொஞ்ச நேரத்தில் மாடு வாயைத் திறந்து மூச்சிரைத்து, நுரை தள்ளி, தள்ளாடி விழுந்தால், கண் இமையைப் புரட்டிப் பாருங்கள். உட்புறம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். உடனே கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றினால் பிழைக்கும். அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, மோர் கொடுப்பது எல்லாம் நேரத்தை வீணாக்கும், விழுந்த மாட்டுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். நாமக்கல், சேலம் பக்கம் கிழங்கு வெட்டிய காட்டில் தானாகத் துளிர்த்த மரவள்ளி இலைக்கும் இதே எச்சரிக்கை, அங்கே மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஆடு.

7. வயலுக்குள் முளைத்தால்

சாலையோரத்துக்குச் சொன்ன பொறுமை வயலுக்குள் வேண்டாம். கடலை பிடுங்கியபோது மண்ணில் தங்கிய காய் முளைத்தால், துரு நோயும் இலைப்புள்ளியும் அதில்தான் அடுத்த பட்டம் வரை உயிரோடு இருக்கும். நெல்லில், குறுவையில் சிந்திய மணி தாளடியில் முளைத்தால் ரகக் கலப்பு. விதைநெல்லுக்கு விடும் வயல் என்றால் அதுவே மொத்தக் காசையும் கெடுக்கும். வழி சுலபம்தான்: தண்ணீர் விட்டு, சிந்தியதெல்லாம் முளைக்கட்டும் என்று பத்து நாள் பொறுத்து, பிறகு உழுங்கள். அவசரப்பட்டு உடனே உழுதால் மணி ஆழத்துக்குப் போய், பின்னால் சிறுகச் சிறுக முளைத்துக்கொண்டே இருக்கும்.

8. விதை எடுத்து வைப்பது

தக்காளிக்கு, நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து விதையைச் சாறோடு கண்ணாடி டம்ளரில் விட்டு, துணி கட்டி நிழலில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஒன்றரை நாள் போதும். மூன்று நாள் என்று எழுதியிருப்பதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு, இங்கே அவ்வளவு விட்டால் டம்ளருக்குள்ளேயே முளை விடும். மேலே வெள்ளை ஏடு கட்டியதும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மிதப்பதை வடித்துக் கொட்டுங்கள். அடியில் தங்கியதுதான் விதை. தட்டிலோ நைலான் வலையிலோ நிழலில் ஐந்து நாள் காயவையுங்கள். காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும். பப்பாளி விதையைச் சாம்பலில் பிசைந்து வழுவழுப்பு உறையை நீக்க வேண்டும், அது இருக்கும்வரை முளைப்பு தடைபடும்.

கொடிக்காயில் விதை எடுக்க வேண்டுமென்றால், கசப்பில்லாத கொடியாக இருந்தாலும் பூச்சி செய்த சேர்க்கையை நம்பாதீர்கள். பரங்கியில், மறுநாள் விரியப்போகும் ஆண் மொட்டு ஒன்றையும் பெண் மொட்டு ஒன்றையும் முந்தின சாயங்காலமே நூலால் கட்டிவிடுங்கள். பெண் மொட்டுக்கு அடியில் குட்டிக்காய் இருக்கும். காலை ஆறு, ஏழு மணிக்கு ஆண்பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். பெண்பூவைத் திரும்பக் கட்டி, காம்பில் வண்ண நூல் சுற்றுங்கள். சுரைக்கு இதையே சாயங்காலம், பூ விரியும் நேரத்தில் செய்யுங்கள். அந்த நூல் சுற்றிய காய் மட்டும் விதைக்கு, முற்றிக் காம்பு காயும்வரை கொடியிலேயே இருக்கட்டும்.

9. பதிவு செய்ய விரும்பினால்

எந்தப் பயிர் எங்கே தானாக முளைக்கிறது என்ற பதிவுகள் தமிழ்நாட்டில் குறைவு. "இது சாகுபடிப் பயிர்தானே" என்று தாவரம் படித்தவர்களே கடந்துபோய்விடுகிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடலாம். நட்டு வளர்த்த செடி என்றால் சாகுபடி என்று குறிக்க வேண்டும், தானாக முளைத்தது என்றால் குறிக்கக்கூடாது. முழுச்செடி, இலையின் மேல், இலையின் அடி, பூ, காய், தண்டு ஆகியவற்றோடு, செடியைச் சுற்றி நான்கு மீட்டர் தெரியும்படி இடத்தின் படமும் வேண்டும். அந்தக் கடைசிப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குறிப்பில் விதை எப்படி வந்திருக்கும் என்று எழுதுங்கள்: சந்தைக்கழிவு, கழிவுநீர், பறவை, லாரி, வண்டல். அடுத்த வருடம் அதே மாதம் அதே இடத்துக்குப் போய், இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள். வந்துபோன செடியா, நிலைத்துவிட்ட செடியா என்பதை ஒரே படத்தால் சொல்ல முடியாது. உலர் மாதிரி எடுப்பவர்கள் பூவும் காயும் சேர்ந்த கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி, முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். தக்காளி, பூசணி மாதிரிச் சாறுள்ள செடியில் ஒரு நாள் தாள் மாற்றத் தவறினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். அடையாளம் பற்றிச் சந்தேகம் இருந்தால், கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.